அவனே வேண்டாமென்று எழுதித் தந்தவன், ஐயா!

போன கிழமை ஒரு அரிசி ஆலை முதலாளி என்னிடம் வந்தார். கிளிநொச்சிப் பக்கம், ஒன்பது பேர் வேலை செய்த ஆலை. கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு கொப்பித் தாள். நீலப் பேனையால் நான்கு வரி: “எனக்கு ஈ.பி.எப். தேவையில்லை, சம்பளத்தை முழுசாகக் கையில் தரவும்.” கீழே கையெழுத்து. ஈ.பி.எப். என்றால் ஊழியர் சேமலாப நிதி, வேலை செய்கிறவர்களின் ஓய்வுகாலத்துக்கென்று மாதாமாதம் கட்டுகிற காசு. அதற்கு முத்திரை வேறு ஒட்டி வைத்திருந்தார்.

எழுதித் தந்தவன் ஏழு வருடம் அங்கே நெல் அவித்த பொடியன். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். மனைவி தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்.

“அவனே வேண்டாமென்று எழுதித் தந்தவன், ஐயா. பிறகு என்ன?”

இந்த வருடத்தில் இதே கேள்வியோடு என் முன்னால் இருந்த நாலாவது ஆள் இவர். கெட்ட மனிதரும் இல்லை. செத்தவீட்டுச் செலவு முழுக்க இவர்தான் பார்த்திருக்கிறார். அதனால்தான் எனக்கு இன்னும் கூடுதலாகக் கோபம் வருகிறது.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை அது. வேண்டாம் என்று எழுதித் தந்தாலும், முத்திரை ஒட்டினாலும், நொத்தாரிசிடம் போய்ப் பதிந்தாலும் செல்லாது. ஒரு கமக்காரர் தன் வயலுக்கு வருகிற வாய்க்காலை மூடச் சொல்லி எழுதித் தந்தால், அதைக் காட்டிக் கீழ் வயலுக்குப் போகிற தண்ணீரை நிறுத்துவீர்களா? இந்தக் காசுக்குக் கீழ் வயல் அவனுடைய பெண்சாதி பிள்ளைகள். அவர்களுக்காகக் கையெழுத்து வைக்க அவனுக்கு உரிமையில்லை.

அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. மாறாக, ஈ.பி.எப். கட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு நீங்களே பத்திரப்படுத்திய சாட்சி அது.

பிறகு கல்குலேட்டரை எடுத்தோம். சம்பளம் எல்லாக் காலமும் 40,000 ரூபா என்றே வைப்போம். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, அதாவது 3,200. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12, அதாவது 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதுதான் ஈ.ரி.எப்., முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும்: 1,200. அந்தப் பொடியன் மாதம் 3,200 கையில் மிஞ்சும் என்று நினைத்து, மூன்றும் சேர்ந்த 9,200ஐ விட்டிருக்கிறான். 84 மாதத்துக்கு 7,72,800 ரூபா, வட்டி சேர்க்காமல்.

முதலாளி “அவனுடைய எட்டு வீதத்தையாவது கழிக்கலாம்தானே?” என்றார். முடியாது. சம்பளம் கொடுக்கும்போது கழிக்காததைப் பிறகு கழிக்க முடியாது. முழு இருபதும் உங்கள் பையிலிருந்துதான். அதற்கு மேல் தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம். பத்து நாளுக்குள் என்றால் நூற்றுக்கு 5. பிந்தப் பிந்த ஏறி, பன்னிரண்டு மாதம் தாண்டிய நிலுவைக்கு நூற்றுக்கு 50. கடைசி வருடத்தை விட்டாலும், முந்திய ஆறு வருட ஈ.பி.எப். நிலுவைக்கே அது 2,88,000 வருகிறது. கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம், குற்றப்பணம் போல அறவிடுவார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. கொப்பித் தாளை மடித்து உறைக்குள் வைத்தார்.

மற்றச் சாட்டுகளையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். “நாட்கூலிக்காரன்”, “தற்காலிகம்”, “மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பதிவோம்”: ஒன்றும் எடுபடாது. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும். மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுப்பதும் வாழ்க்கைச் செலவுப் படியும் கணக்கில் வரும். சாப்பாடு கொடுத்தால் அதன் பெறுமதியும் வரும். ஓவர்டைம் வராது. மாதக் காசு அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் போக வேண்டும். பணிக்கொடை வேறு சட்டம்: பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் இருக்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஈ.பி.எப். கட்டினால் அது தேவையில்லை என்பவர்களோடு நான் இப்போது வாதாடுவதில்லை, சட்டப் புத்தகத்தைத் திறந்து நீட்டிவிடுகிறேன்.

தொழிலாளியிடமிருந்து எட்டு வீதத்தைக் கழித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருக்கிறவர்களுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. அதற்குத் தமிழில் ஒரு சொல்தான் இருக்கிறது.

இனி வேலை செய்கிற பிள்ளைகளுக்கு. கிழமைக் கடன்காரர் படலையில் நிற்கும்போது 3,200 ரூபா பெரிய காசு, எனக்குத் தெரியும். ஆனால் அதோடு சேர்ந்து போவது முதலாளியின் பங்கும்தான். பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று லட்சமாவது இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ நூற்றுக்கு 30 வரை இடையில் எடுக்கலாம். இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்ணுக்கு வில்லை வைப்பதற்கும் ஈ.ரி.எப்.பில் உதவி இருக்கிறது. கட்டாத இடத்தில் வேலை செய்தால் இதெல்லாம் வெறும் கதை.

அப்புறம், தயவு செய்து உங்கள் பெயரைப் பாருங்கள். வன்னியில் எனக்கு அதிகம் வேலை வைப்பது இதுதான். இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, திரும்ப எடுத்தபோது பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. மாதாமாதம் ஈ.பி.எப். காசோடு அனுப்புகிற சி படிவத்தில் கடைக் கிளாக் தன் காதில் விழுந்தபடி மூன்றாவதாக ஒன்றை எழுதுவார். தையல் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு அம்மா ஐம்பது வயதில் காசு எடுக்கப் போனார். அடையாள அட்டை இலக்கத்தில் 6க்குப் பதில் 8. காசு நிதியில் கிடந்தது, அவர் பெயரில் இல்லை. அதைத் திருத்த எட்டு மாதம் அலைந்தோம். வருடத்தில் ஒரு தடவையாவது தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். கலியாணம் முடித்தவர்கள், பின்னுரித்தாளியாக, அதாவது உங்களுக்குப் பிறகு காசு போக வேண்டிய ஆளாக, யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

ஆலை முதலாளி எழும்பிப் போகும்போது கதவடியில் நின்றார்.

“மற்ற எட்டுப் பேரும் இப்படித்தான் எழுதித் தந்திருக்கினம், ஐயா.”

திங்கட்கிழமை அவர்களுடைய அடையாள அட்டைப் பிரதிகளோடும் சம்பளக் கொப்பியோடும் வரச் சொன்னேன்.

“அதில இரண்டு பேருக்கு அட்டையில ஒரு பெயர், நாங்கள் கூப்பிடுறது வேற பெயர்.”

“பிறப்புச் சான்றிதழையும் கொண்டு வரச் சொல்லுங்கோ” என்றேன்.