புள்ளி போட்டால் பையன் மாறுவானா?

1967இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம், லாரன்ஸ் நகரில் அச்சீவ்மென்ட் பிளேஸ் என்ற வீடு தொடங்கியது. சின்னச் சின்னக் குற்றங்களில் மாட்டி, சிறார் நீதிமன்றம் வரை போன பையன்களை அடைத்து வைக்காமல், எலரி பிலிப்ஸ், எலைன் பிலிப்ஸ் தம்பதியோடு குடும்பமாக வாழவிட்டார்கள். சூழலை மாற்றினால் நடத்தை எப்படி மாறுகிறது என்று ஆராயும் நடத்தைப் பகுப்பாய்வுத் துறை அறிஞர் மான்ட்ரோஸ் வுல்ஃபின் முயற்சி இது.

ஒவ்வொரு பையனிடமும் ஓர் அட்டை. அறையைச் சுத்தமாக வைத்தால் 500 புள்ளி, செய்தி பார்த்தால் 300. பொய், திருட்டு என்றால் 10,000 போச்சு! சேர்ந்த புள்ளியில் டிவி, சைக்கிள், டவுனுக்குப் போக அனுமதி எல்லாம் வாங்கலாம்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா? 1968இல் வெளியான ஆய்வில் இருந்தது மூன்றே பையன்கள். ஆனால் ஒவ்வொருவனையும் அவனோடேயே ஒப்பிட்டார்கள். "கொன்னுடுவேன்" வகை மிரட்டல் பேச்சை எண்ணினார்கள். அப்படிப் பேசாதே என்று சொல்லிப் பார்த்ததில் பெரிய பலனில்லை. ஒவ்வொரு முறைக்கும் 20 புள்ளி அபராதம் போட்டதும் பேச்சு அடங்கியது. அபராதத்தை நிறுத்தினால் திரும்ப முளைத்தது. மறுபடி அபராதம் வரும் என்று எச்சரித்தார்கள். முதல் தடவை பலித்தது, அப்புறம் யாரும் கண்டுகொள்ளவில்லை. (வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது புதுச் செய்தியில்லை.) 50 புள்ளி அபராதம் வந்தது, பேச்சு மறுபடி அடங்கியது. இப்படிப் போட்டும் எடுத்தும் பார்ப்பதால், மாற்றத்துக்குக் காரணம் அபராதம்தான் என்று துணிந்து சொல்ல முடிகிறது.

இதே முறையை வேறொரு தம்பதியிடம் கொடுத்தபோது சொதப்பியது. புள்ளிக் கணக்கு இருந்தது, பையன்களோ வெறுப்பில் இருந்தார்கள். பிலிப்ஸ் தம்பதி புள்ளியைக் குறைக்கும்போதே, நிதானமான குரலில் காரணம் சொல்லி, சரியாகச் செய்வது எப்படி என்று காட்டி, செய்யவும் வைத்தார்கள். புதுத் தம்பதிக்குச் சொல்லிக்கொடுத்ததில் இது விட்டுப்போயிருந்தது! பிறகு பெரியவர்களின் பேச்சில் எது பிடிக்கிறது என்று பையன்களையே கேட்டு, அதையும் பயிற்சியில் சேர்த்தார்கள். என் கணிப்பில், புள்ளியைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

ஆனால் 1982இல் வந்த மதிப்பீடு கசப்பானது. இப்படிப்பட்ட வீடுகளில் இருக்கும்வரை குற்றம் குறைந்தது. வெளியேறிய அடுத்த ஆண்டில், மற்ற இல்லங்களில் வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நடத்தையைப் பிடித்து நிறுத்துவது சூழல் என்றால், பழைய சூழலுக்கே போனவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? 1987இல் வுல்ஃப் குழுவே, கடுமையான குற்ற நடத்தை உள்ள சிலருக்குச் சில மாதச் சிகிச்சை போதாது, வருடக்கணக்கில் உடனிருக்கும் ஆதரவுக் குடும்பம் வேண்டியிருக்கலாம் என்று எழுதியது.