கீழ்முனை தாண்டி 61 டிகிரி

“காருக்குப் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டேன். நின்ற இடத்தில் அருமையாக உறுமுகிறது. ஆனால் கிளம்பும்போது முன்பிருந்ததைவிட மந்தம். எங்கே தப்பு?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தப்பு பொருத்தியதில் இல்லை, தேர்ந்தெடுத்ததில். கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்) என்பது இன்ஜினின் வால்வுகளை, அதாவது காற்றும் புகையும் போய்வரும் கதவுகளை, திறந்து மூடும் தண்டு. உறுமலுக்கும் மந்தத்துக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த இன்ஜின் ஓடும் வேகத்துக்கு வால்வுகள் தேவைக்கு மேல் நேரம் திறந்து கிடக்கின்றன.

உறிஞ்சல், அமுக்கல், வெடிப்பு, வெளியேற்றம் என்ற நான்கு வீச்சும் பள்ளியில் படித்ததுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கேமுடன் வரும் அட்டையில் முக்கியமானவை மூன்று எண்கள். லிஃப்ட் என்பது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது. லோபின் (வால்வைத் தள்ளும் கேம் புடைப்பின்) உயரம் 7.6 மி.மீ., ராக்கர் (அந்த அசைவைப் பெருக்கி வால்வுக்குக் கொடுக்கும் நெம்பு) விகிதம் 1.5 என்றால் லிஃப்ட் 11.4 மி.மீ. டியூரேஷன் என்பது எத்தனை கிராங்க் டிகிரிக்குத் திறந்திருக்கிறது என்பது. மூன்றாவது, இன்டேக் (உறிஞ்சல்) லோபின் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் (வெளியேற்ற) லோபின் உச்சிக்கும் நடுவே உள்ள கோணம்.

டியூரேஷனில் பலர் ஏமாறுகிறார்கள். டேப்பெட் (லோபின்மேல் உட்கார்ந்து எழும் துண்டு) 0.15 மி.மீ. எழுந்ததும் அளக்கத் தொடங்கினால் 270 டிகிரி காட்டும் கேம், 1.27 மி.மீ. எழுந்த பிறகு அளந்தால் 220ஐ ஒட்டி நிற்கும். ஒரு கேமின் 270ஐயும் இன்னொன்றின் 230ஐயும் எதில் அளந்தது என்று பாராமல் ஒப்பிட்டால், சிறியது எது என்றே தலைகீழாகப் போய்விடும்.

எந்த எண்ணைப் பார்த்து கேம் வாங்குவது? டியூரேஷனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு கணத்தைப் பார்க்க வேண்டும்: இன்டேக் வால்வு மூடும் கணம்.

270 டிகிரி கேம் ஒன்றை, இன்டேக் உச்சி மேல்முனைக்கு (பிஸ்டன் ஏறி நிற்கும் உச்ச இடம்) 106 டிகிரி பின்னால் வருமாறு பொருத்துகிறோம். வால்வு மேல்முனைக்கு 29 டிகிரி முன்பே திறந்து, கீழ்முனை (பிஸ்டன் இறங்கி நிற்கும் இடம்) கடந்து 61 டிகிரி போன பிறகுதான் மூடும். அதாவது பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிவிட்டது, கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிடாதா?

1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) தள்ளத்தான் செய்யும். அப்போது ஒரு உறிஞ்சல் வீச்சுக்கு 30 மில்லி விநாடி கிடைக்கிறது. காற்று நிதானமாக வந்து நிரம்பி நின்றுவிடுகிறது. ஏறும் பிஸ்டன் அதில் ஒரு பங்கை வந்த வழியே மேனிஃபோல்டுக்கு (காற்று வரும் குழாய்த் தொகுதிக்கு) திருப்பி அனுப்புகிறது. 6000 ஆர்பிஎம்மில் அதே வீச்சுக்கு 5 மில்லி விநாடிதான். குழாயில் காற்று ஓட்டமெடுத்து வருகிறது. ஓடும் தண்ணீரைச் சட்டென அடைத்தால் குழாய் ‘டம்’ என்று அதிர்கிறதே, அந்த உந்தம் காற்றுக்கும் உண்டு. பிஸ்டன் கீழ்முனையில் நின்று திரும்பினாலும் காற்று நிற்பதில்லை. ஏறி வரும் பிஸ்டனை எதிர்த்து, தன் வேகத்தாலேயே சிலிண்டருக்குள் திணிந்துகொண்டிருக்கிறது. இந்தத் திணிப்பு ஓய்ந்து, காற்று திரும்ப எத்தனிக்கும் நொடியில் வால்வு மூடினால் சிலிண்டர் நிறைய காற்று. டார்க் (சுழற்றும் விசை) உச்சம் தொடுவது ஏறக்குறைய அந்த ஆர்பிஎம்மில்தான். கேம் மாற்றுவது புதிதாக டார்க்கை உண்டாக்குவதில்லை, இந்த உச்சத்தை இடம் மாற்றுகிறது. எந்த மோட்டாரும் பம்பும் இல்லாமல், காற்றின் சொந்த உந்தமே சிலிண்டரை நிரப்புகிறது. இன்ஜினில் இதைவிட அழகான வேலை வேறு எதுவும் இல்லை என்பேன்.

இடம் மாற்றுவதில் என்ன லாபம்? சக்தி என்பது டார்க்கையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 3000 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் என்பது 63 கிலோவாட். 6500ல் வெறும் 170 நியூட்டன் மீட்டர் இருந்தாலே 116 கிலோவாட். பந்தயக்காரர்கள் பெரிய கேமைத் தேடுவது இதனால்தான். சாலையில் ஓடும் காரோ பெரும்பாலான நேரம் 1500க்கும் 4000க்கும் இடையில்தான் கிடக்கும்.

கீழே இழப்பது எவ்வளவு என்று கணக்குப் போடலாம். வீச்சு 86 மி.மீ., கனெக்டிங் ராட் 143 மி.மீ., அமுக்க விகிதம் (காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) 10 என்று வையுங்கள். 61 டிகிரியில் வால்வு மூடும்போது பிஸ்டன் 17 மி.மீ. ஏறிவிட்டது. உண்மையில் அமுக்குவது மீதி 69 மி.மீ. மட்டுமே, விகிதம் 8.2க்கு இறங்குகிறது. 298 டிகிரி கேம் போட்டால் மூடுவது 75 டிகிரியில். மிச்சம் 60 மி.மீ., விகிதம் 7.3. வாசகரின் கார் கிளம்பத் திணறுவது இதனால்தான். பழைய 8.2ஐ மீட்க வேண்டுமானால் பிஸ்டனையோ ஹெட்டையோ மாற்றி விகிதத்தை 11.3 ஆக்க வேண்டும். உயர் ஆர்பிஎம்மில் சிலிண்டர் முழுதாக நிரம்பும்போது அந்த 11.3 பெட்ரோலைத் தானாக வெடித்துத் தட்ட வைக்கும், எனவே அதைத் தாங்கும் ஆக்டேனும் உயர்ந்தாக வேண்டும்.

இனி உறுமல். லோப்களின் இடைக்கோணம் 110 என்றால், 270 டிகிரி கேமில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருப்பது 50 டிகிரி. 298ல் அது 78. ஐடிலிங்கில் (கார் நின்றபடி இன்ஜின் ஓடும்போது) மேனிஃபோல்டில் வெற்றிடம் இருப்பதால், எரிந்த புகை இந்த இடைவெளி வழியாக இன்டேக் பக்கம் இழுக்கப்படுகிறது. கலவை கெட்டு, சில சுற்றுகள் சரியாக எரியாமல் போகின்றன. ‘தடக் தடக்’ என்று கேட்பது அதுதான். சத்தம் கேட்டாலே சக்தி வந்துவிட்டது என்று நம்புவது சுத்த மூடநம்பிக்கை. பாதி எரிந்த சுற்றுகளின் ஓசை அது. போதாததற்கு வெற்றிடமும் குறைவதால் பிரேக் பூஸ்டருக்கு உதவி கிடைக்காமல் பெடல் கட்டையாகிவிடும். டர்போ உள்ள இன்ஜினில் எக்ஸாஸ்ட் அழுத்தம் பூஸ்டைவிட (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) அதிகமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இடைக்கோணத்தை 114 ஆக்கினால் 298 டிகிரி கேமிலும் சேர்ந்து திறப்பது 70க்கு இறங்கும்.

ஆக, முதலில் தீர்மானிக்க வேண்டியது கேம் அல்ல. காரின் எடை, கியர் விகிதம், அமுக்க விகிதம், வழக்கமாக ஓடும் ஆர்பிஎம் இந்த நான்கையும் எழுதிவையுங்கள். ஆட்டோமேட்டிக்கானால் டார்க் கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகமும் (கார் நகராமல் இருக்க இன்ஜின் எட்டக்கூடிய அதிகபட்ச ஆர்பிஎம்) வேண்டும். இரண்டு கேம்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சிறியதை எடுங்கள். வால்வு நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் இன்ஜின்கள் (1989ல் ஹோண்டா கொண்டுவந்த வீடெக் ஒன்று) இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டன. அவற்றில் கேம் மாற்றினால் லாபம் குறைவு, ஈசியூவையும் (இன்ஜினை நடத்தும் கணினி) திருத்தியாக வேண்டும்.

பொருத்தும்போது டைமிங் புள்ளியை நம்பி மூடிவிடாதீர்கள். கிராங்கில் மாட்டும் டிகிரி சக்கரமும் உயரம் அளக்கும் டயல் கேஜும் வைத்து இன்டேக் உச்சியைச் சரிபாருங்கள். கேமை 4 டிகிரி முன்னால் நகர்த்தினால் வால்வு சீக்கிரம் மூடி, டார்க் கீழே இறங்கி வரும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, களிமண்ணை வெட்டி அளந்தால் தெரிந்துவிடும். மேல்முனைக்குச் சுமார் 10 டிகிரி முன்பு எக்ஸாஸ்டும், 10 டிகிரி பின்பு இன்டேக்கும் மிக அருகில் வரும். ஸ்பிரிங் முழு லிஃப்டில் நெருக்கியடித்துக்கொள்ளாமல் 1.5 மி.மீ. மிச்சம் வேண்டும். பழைய ஸ்பிரிங்கையே விட்டுவைத்தால் உயர் ஆர்பிஎம்மில் வால்வு லோபை விட்டு மிதக்கும்.

ரோலர் அல்லாத தட்டை டேப்பெட் என்றால் முதல் 20 நிமிடம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். லோப் மிக லேசாகச் சாய்த்துக் கடையப்பட்டிருக்கும், டேப்பெட்டின் அடி லேசாகக் குவிந்திருக்கும். டேப்பெட் சுழன்றுகொண்டே உரச வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சுழலாத டேப்பெட் லோபைத் தின்றுவிடும். லோபில் மாலிப்டினம் பசை, துத்தநாகம் சேர்ந்த எண்ணெய், புதிய டேப்பெட்டுகள் தயாரானதும் ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் விடாமல் உடனே 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் வைத்திருங்கள். குறைந்த வேகத்தில் கிராங்க் தெளிக்கும் எண்ணெய் லோபுக்குப் போதாது. ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பசை வழித்தெடுக்கப்பட்டுவிடும். பெட்ரோல், இக்னிஷன் இரண்டையும் முன்கூட்டியே சரிபார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.