கோர்கியின் தட்டில் எத்தனை கிராம்?

கோர்கியைக் குட்டி நாய் இனங்களோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அதன் மார்பையும் தலையையும் பல்லையும் கவனித்தால் வேறு கதை தெரியும். நடுத்தர உயரமுள்ள மேய்ப்பு நாய் ஒன்றின் உடல் அது. கால்கள் மட்டும் பாதியில் நின்றுவிட்டன. வேல்ஸில் மாடுகளின் குதிகாலைக் கவ்வி ஓட்டிச் செல்லப் பழக்கப்பட்ட இனம். மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விட வேண்டும், அவ்வளவுதான் உயரம்.

அந்தக் குட்டைக் காலுக்குக் காரணம் 2009-இல் தெரிந்தது. எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சி மரபணுவின் உபரிப் பிரதி ஒன்று குரோமோசோமில் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கால் எலும்புகளின் நீளவாட்டு வளர்ச்சியை அது சீக்கிரமே முடித்துவிடுகிறது. 2017-இல் இதே மரபணுவின் இன்னொரு பிரதி பிடிபட்டது. இது முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போலிருக்கும் வட்டுகளை இளம் வயதிலேயே இறுகச் செய்வது. கோர்கிகளிலும் பரவலாகக் காணப்படுவது. நீண்ட முதுகு, இறுகிய வட்டுகள், குட்டைக் கால்கள். இந்தக் கட்டமைப்பின் மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் எங்கே போய் அழுத்தும் என்று யோசித்தால், கோர்கிக்கு என்ன உணவு என்பதைவிட எவ்வளவு உணவு என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்: உணவுப் பையின் நிறத்தையும் படத்தையும் ஒப்பிடும் நேரத்தில் சமையலறைத் தராசு ஒன்றை எடுத்து வைக்கலாம்.

கணக்கு எளிது. நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதே எண்ணால் இரண்டு முறை பெருக்குங்கள். விடைக்கு வர்க்கமூலம், அதற்கு மறுபடியும் வர்க்கமூலம், பிறகு 70-ஆல் பெருக்கல். நாய் சும்மா படுத்துக்கிடக்க ஒரு நாளைக்கு வேண்டிய கிலோகலோரி அது. 12 கிலோ கோர்கிக்கு இது ஏறத்தாழ 450. வளர்ந்து, கருத்தடை செய்யப்பட்டு, ஓரளவு நடக்கிற நாய்க்கு இதைப்போல் 1.6 மடங்கு, அதாவது 720; சோம்பேறிக்கு 1.4 மடங்கு, 630. இவை தொடக்கப் புள்ளிகள்தாம். நாய்க்கு நாய் இருபது, முப்பது சதவீதம் மாறும்.

இப்போது மூன்று மாதக் குட்டியைப் பாருங்கள். எடை நான்கு கிலோ என்று வைத்துக்கொண்டால் அடிப்படைத் தேவை சுமார் 200. ஆனால் வளரும் உடல் அதைப்போல் மூன்று மடங்கு கேட்கிறது: 600 கிலோகலோரி. நான்கு மாதம் தாண்டியதும் மடங்கு இரண்டாகக் குறைகிறது. எட்டுக் கிலோ இருக்கும்போது தேவை 670-ஐ ஒட்டி நிற்கும். அப்படியானால் நான்கு கிலோவிலிருந்து 12 கிலோ வரை எடை மூன்று மடங்கானாலும், தட்டில் விழும் கலோரி அநேகமாக அதே அளவில் இருக்கிறது. நம் மனம் இதை ஏற்காது. ‘வளர்கிற பிள்ளை’ என்று மாதாமாதம் ஒரு கை கூட்டிப் போடுவோம். கருத்தடைக்குப் பிறகு தேவை இன்னும் இறங்கும், பசியோ ஏறும். கோர்கி உருண்டையாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

குட்டிக்குத் தனி உணவு எதற்கு? வயிறு சிறியது, தேவை பெரியது. எனவே ஒவ்வொரு வாயிலும் சத்து செறிந்திருக்க வேண்டும்; மூன்று நான்கு வேளையாகப் பிரித்தும் தர வேண்டும். அமெரிக்கக் கால்நடைத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோலில், நீரைக் கழித்த உணவில் வளரும் நாய்க்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18 போதும். மூளைக்கும் விழித்திரைக்கும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு வேண்டும். கால்சியம்தான் சிக்கலான விஷயம். வளர்ந்த நாயின் குடல் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். சிறு குட்டியின் குடலுக்கு அந்தக் கதவு இன்னும் சரியாக மூடாது, வருவதெல்லாம் உள்ளே போகும். மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுப்பதைப் பெரிய இனக் குட்டிகளில் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே வளைந்த முன்னங்கால்களோடு வளரும் கோர்கிக்கு, முழுமையான குட்டி உணவின் மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுவது உபகாரம் ஆகாது.

பத்துப் பன்னிரண்டு மாதத்தில் வளர்ச்சி ஓய்கிறது. வளர்ந்த நாய்க்கான உணவுக்கு ஏழெட்டு நாளில், விகிதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் போகலாம். ‘எல்லா வயதுக்கும்’ என்று அச்சிட்ட பையை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது குட்டிகளுக்கான அளவுகோலையும் எட்டியாக வேண்டும். ஆகவே செறிவு கூடுதலாக இருக்கக்கூடும், மெத்தையில் நாளைக் கழிக்கும் கோர்கிக்கு அது அதிகப்படி. ஈர உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போதும் ஏமாறலாம். டப்பாவில் 8 சதவீதப் புரதம் என்றிருந்தால் அற்பமாகத் தோன்றும். அதில் 78 சதவீதம் நீர். மீதி 22 பங்கில் 8 என்றால் 36 சதவீதம். பத்து சதவீத நீரும் 26 சதவீதப் புரதமும் உள்ள உலர் உணவில் அது 29-தான்.

தானியம் கலந்தால் கெடுதல் என்ற பேச்சு ஒன்று உண்டு. 2013-இல் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது: மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதி, நாய்களிடம் அதைப்போல் பல மடங்கு. மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து நாய் சோறுண்ணப் பழகிவிட்டது.

கோப்பையால் அளப்பதை விட்டுவிடுங்கள். கிராமுக்கு 3.6 கிலோகலோரி தரும் உலர் உணவு என்றால் 720-க்கு 200 கிராம். கோப்பை சற்றே குவிந்தால் 20 கிராம் கூடுகிறது, அது பத்து சதவீதம். பயிற்சிக்குத் தரும் தின்பண்டங்களும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதையும் தட்டிலிருந்து கழிக்க வேண்டும். கோர்கிக்கு ஒன்றரைக் கிலோ ஏறுவது 70 கிலோ மனிதருக்கு ஒன்பது கிலோ ஏறுவதற்குச் சமம். அடர்ந்த இரட்டை ரோமம் இதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும், கைதான் கண்டுபிடிக்கும். விலாவின் மேல் விரல்களை மெல்ல ஓட்டினால், புறங்கை எலும்புகளைத் தடவுவதுபோல் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை மேடுபோல் மெத்தென்றிருந்தால் கிராமைக் குறைக்கலாம். 2002-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், 48 லாப்ரடார்களில் பாதிக்குத் தம் உடன்பிறப்புகளைவிடக் கால் பங்கு குறைவாகவே வாழ்நாள் முழுவதும் உணவு தரப்பட்டது. அவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் தாமதமாகவே வந்தது.

முதுமையில் கணக்கு மறுபடி புரள்கிறது. ‘முதியவற்றுக்கு’ என்று பையில் இருப்பதற்கு அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் விதிகளில் தனி அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் தயாரிக்கிறது. வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. சிறுநீரகம் நலமாக இருக்கிற கிழ நாய்க்கு நல்ல புரதம் தொடர்ந்து வேண்டும். சிறுநீரகம் பழுதானால் முதலில் கட்டுப்படுத்த வேண்டியது பாஸ்பரஸ், அதை மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இந்த வயதில் தராசும் பொய் சொல்லும். தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் எடை அதே 12 கிலோவைக் காட்டும். அப்போது விலாவை விட்டுவிட்டு நெற்றிப்பொட்டையும் தொடையையும் முதுகெலும்பின் இரு பக்கத்தையும் தடவிப் பாருங்கள். முன்பு சதை நிறைந்திருந்த இடத்தில் விரல் பள்ளத்தில் இறங்கும்.