கச்சேரி உலகில் பாலியல் தொல்லை: புகாரை எங்கே கொடுப்பது, எங்கே இழுத்தடிப்பார்கள்

"நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையேம்மா." பாட வந்த பெண்ணோ, தம்புரா போட வந்த சிஷ்யையோ, கோரஸ் பாட வந்தவரோ பாலியல் தொல்லை என்று வாயைத் திறந்தால், சபாக்களிலும் ஸ்டுடியோக்களிலும் வரும் முதல் பதில் இது. பலர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி புகார் கொடுக்கும் பெண் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. தினக்கூலிக்கு வந்தவர், பயிற்சிக்கு வந்தவர், காசு வாங்காமல் உதவிக்கு வந்தவர்கூட சட்டத்தின் கணக்கில் ஊழியர்தான். வேலையின் பொருட்டுப் போன வெளியூர் லாட்ஜும், அமைப்பாளர் அனுப்பிய வேனும் பணியிடம்தான்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் அங்கே மூத்த பொறுப்பிலுள்ள பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். "எங்களிடம் நாலு பேர்தான்" என்று சபா சொன்னால் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பத்துக்குக் குறைவு என்றாலும், புகாரே செயலாளர் மீதோ ஸ்டுடியோ முதலாளி மீதோ என்றாலும், போக வேண்டிய இடம் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழு. வீட்டில் வகுப்பெடுக்கும் குரு மீதான புகாரையும் இங்கேயே கொடுங்கள். "பாட்டு கிளாஸ் எப்படிம்மா பணியிடம் ஆகும்?" என்று கேட்பார்கள். சுயதொழிலாகச் சேவை தருபவரையும் அமைப்புசாராத் துறை என்று 2-ஆம் பிரிவு சேர்த்திருக்கிறது. அந்த வரியைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது கெடுதான். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். டிசம்பர் 27 அன்று கிரீன் ரூமில் நடந்தது என்றால் மார்ச் 27-க்குள் புகார் போயிருக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரலாம், அதற்கு மேல் இல்லை. "சீசன் முடியட்டும், பேசிக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான் உதைக்கிறது: அடுத்த மார்கழிக்குள் கெடு செத்துப்போயிருக்கும். 2025 செப்டம்பரில் ஒரு துணைவேந்தர் மீதான புகாரை, கெடு தாண்டியதாலேயே ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

புகார் எழுத்தில், ஆறு பிரதி. சம்பவம் ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை அல்லது செய்த செயல். சாட்சிகளின் பெயரும் முகவரியும். "தவறாக நடந்துகொண்டார்" என்று மட்டும் எழுதிய புகார் விசாரணையில் நிற்காது. நியமனக் கடிதம் யாருக்கும் இருக்காது. அதனால் அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், ஜிபே ரசீது, ஒத்திகைக்கு வரச்சொன்ன வாட்ஸ்அப், எது இருந்தாலும் இணையுங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். படம் மட்டும் இருந்து போன் இல்லையென்றால் எதிர்த்தரப்பு "இது போலி" என்று ஆரம்பிக்கும்.

மாவட்டக் குழுவுக்கான அலுவலகத்தில் "மேடம் ஃபீல்டுக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளை போனால் "குழு இன்னும் கூடலை" என்பார்கள். குழு கூடுவது அவர்கள் பாடு. உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். தர மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்ட் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். சமூகநலத் துறையும் கலெக்டர் அலுவலகமும் "இங்கே இல்லை, அங்கே" என்று பந்தாடினால், உள்ளூர் குழுவை அமைக்க வேண்டிய மாவட்ட அலுவலர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி ஒருவர் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த பொறி சமரசம். அதைக் கேட்கும் உரிமை பெண்ணுக்கு மட்டும்தான், அதுவும் விசாரணை தொடங்கும் முன். பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. சமரசம் பதிவானபின் விசாரணை நடக்காது. "கையெழுத்து போடும்மா, வித்வான் மன்னிப்புக் கேட்டுடுவார்" என்று நீட்டும் காகிதம் கதவை உங்கள் கையாலேயே சாத்தவைக்கும்.

"நிரூபிக்கலைன்னா உன் மேலயே கேஸ் திரும்பும்" என்ற மிரட்டலும் வரும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனது குற்றமே அல்ல என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பொய்யென்று தெரிந்தோ கெட்ட எண்ணத்தோடோ கொடுத்திருந்தால், அல்லது போலி ஆவணம் காட்டியிருந்தால்தான் நடவடிக்கை. ஆனால் கொடுத்த புகாரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். ரகசியம் காக்கச் சொல்லும் பிரிவும் இருக்கிறது, எதிர்த்தரப்பு அவதூறு நோட்டீஸோடு காத்திருக்கும்.

பெண்கள் தங்களுக்கு நடந்த தொல்லைகளை வெளிப்படையாகச் சொன்ன 2018 மீடூ அலையில் சென்னை மியூசிக் அகாடமி அந்த டிசம்பருக்கு ஏழு கலைஞர்களை ஒதுக்கிவைத்தது. நல்லதுதான், ஆனால் அது சட்டப்படியான விசாரணையின் முடிவல்ல, அமைப்பின் முடிவு. ஒரு மேடை மூடினால் இன்னொரு மேடை திறக்கும். கையில் குழுவின் விசாரணை அறிக்கை இருப்பது வேறு.

தொல்லை கொடுத்தவர் வெளியிலிருந்து வந்த பக்கவாத்தியக்காரர், "அவரை நாங்க என்ன செய்ய முடியும்?" என்றால், 19-ஆம் பிரிவைக் காட்டுங்கள். பெண் விரும்பினால் அவர்மீது குற்றவியல் நடவடிக்கையைத் தொடங்குவது அந்த அமைப்பின் கடமை. குழுவும் போலீசும் ஒன்றுக்கொன்று தடையில்லை. "முதல்ல கமிட்டி முடியட்டும்" என்று ஸ்டேஷனில் சொன்னால் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் பதினெட்டுக்குக் கீழ் என்றால், ஆணோ பெண்ணோ, நேராகக் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம்தான், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். தெரிந்தும் மறைத்த சபாக்காரரும் அதில் குற்றவாளி.

விசாரணையில் வக்கீல் வைக்க முடியாது, இரு தரப்புக்கும். 90 நாளில் முடிய வேண்டும், பத்து நாளில் அறிக்கை, 60 நாளில் நடவடிக்கை. அறிக்கையின் நகல் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது. "கான்ஃபிடென்ஷியல்" என்று கைவிரித்தால் 13-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு இருப்பது 90 நாள்தான், நகல் இல்லாமல் அதை எழுத முடியாது.