மருத்துவ விசாவில் வருகிறவருக்கு அறை கொடுக்கும் முன்

வேலூர் சிஎம்சி மருத்துவமனை எதிரே காந்தி ரோட்டில் தமிழ்ப் பலகைக்குப் பக்கத்திலேயே பெங்காலி எழுத்தும் தொங்கும். அறை விடுகிறவர்களுக்கு இதில் ஒரு குழப்பம். கொல்கத்தாக்காரர் பேசுவதும் பெங்காலி, டாக்காக்காரர் பேசுவதும் பெங்காலி. முன்னவர் நம் நாட்டுக்காரர், ஆதாரைப் பார்த்துப் பதிந்துகொள்ளலாம். பின்னவரிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சிகிச்சைக்கென்றே இந்தியா தருவது மருத்துவ விசா. நோயாளியோடு குடும்பத்தில் இரண்டு பேர் வரை உதவியாளர் விசாவில் வரலாம். நோயாளியின் விசா எதுவரையோ, அவர்களுடையதும் அதுவரைதான். சிகிச்சை நீண்டால், விசா முடிவதற்கு முன்பே மருத்துவமனைக் கடிதத்தோடு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், வந்த 14 நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும். நேபாளம், பூட்டான் குடிமக்களுக்கு விசாவே வேண்டாம்.

பல நாட்டவர் வீட்டிலிருந்தே இ-மருத்துவ விசா எடுத்துவிடலாம்: 60 நாள், மூன்று முறை வந்துபோகலாம். வங்கதேசத்துக்கும் இதைத் தருவதாக 2024 ஜூனில் டெல்லியில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. அப்புறம் இந்தியா விசா கொடுப்பதையே வெகுவாகக் குறைத்தது; அவசர மருத்துவத்துக்கு மட்டும் கொஞ்சம் வழி விட்டது. இந்த இடைவெளியில் சீனா புகுந்தது. 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு யுன்னான் மாகாணத்தின் குன்மிங் நகருக்குப் போய் இறங்கியது.

அண்டை நாட்டுக்குக் கடனாகக் கொடுக்கும் கோடிகளைவிட இந்த விசாவுக்கு வலு அதிகம் என்பது என் எண்ணம். பாலம் கட்டிக் கொடுத்தவன் பெயர் கல்வெட்டில் இருக்கும், யாரும் நின்று படிப்பதில்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த ஊரை ஒரு குடும்பம் மறக்குமா? அந்தப் பெயரை டெல்லியில் கோப்பு பார்க்கிறவரோடு சேர்ந்து, இங்கே அறை விடுகிறவரும் சம்பாதிக்கிறார், அல்லது கெடுக்கிறார்.

சரி, நம் பங்குக்கு வருவோம். வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பழைய வெளிநாட்டினர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் லாட்ஜ்களில் இதற்கு இன்னும் ‘சி ஃபார்ம்’ என்றுதான் பெயர். லாட்ஜுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சமைத்துச் சாப்பிட வசதியாக மாடி போர்ஷனை மாதக் கணக்கில் விடுகிற வீட்டுக்காரருக்கும் இதே விதிதான். ஆபரேஷன் தள்ளிப்போய் வேறு வீடு மாறினால், புது வீட்டுக்காரர் புதிதாக ஏற்ற வேண்டும்.

“ஒரு வாரந்தானே, ஃபார்ம் எதுக்கு?” என்று புரோக்கர் சொல்வார். நாளைக்கு விசாரணை வந்தால் அவர் போனை எடுக்கமாட்டார். தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.