கம்பத்துக்குள் ஒரு டப்பா

தெருவிளக்குக் கம்பத்தின் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கும். உள்ளே கேபிள் இணைப்பும் ஃப்யூஸும். அந்தக் கதவுகளைத் திறந்து மூடுவதுதான் என் வேலையில் பாதி. சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒன்றைத் திறந்தபோது, டெர்மினலுக்கு நான்கு விரற்கடை தள்ளி, கட்டைவிரல் அளவில் ஓர் உலோக டப்பா காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. உதவிக்கு வந்த பையன் ஏதோ உளவு வேலை என்று பயந்துபோனான். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இதைத் தேடிப் போகிறவன்தான். மூடியைத் திருகினால் உள்ளே சுருட்டிய காகிதம். தேதியும் புனைபெயருமாக முப்பதுக்கு மேல் கையெழுத்துகள். அதில் இரண்டு மூன்று, கோணல்மாணலான குழந்தைக் கையெழுத்து.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்காக: ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே உள்ள காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். 2000 மே தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. நூறு மீட்டர்வரை தள்ளிக் காட்டிய கருவி திடீரென்று துல்லியமானது. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்தார். விளையாட்டு பிறந்தது அப்படி.

துல்லியம் என்றாலும் எவ்வளவு? திறந்த வெளியில் செல்போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். சுவரோ மரமோ பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். ஒளித்தவரின் கருவியிலும் அதே பிழை உண்டு. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் விலகினால் 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம், அதாவது முந்நூறு சதுர மீட்டருக்கும் மேல். வந்தவர் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார். ஒளித்துவைப்பவர்கள் மறப்பது இதைத்தான். அவர்கள் டப்பா இருக்கும் புள்ளி ஆபத்தில்லாததா என்று மட்டும் பார்க்கிறார்கள். தேடுகிறவனுக்கு அந்தப் புள்ளி எங்கே என்று தெரியாதே.

அதனால்தான் டப்பாவுக்குப் பதிலாக ஒளித்துவைக்கும் போலி ஜங்ஷன் பாக்ஸைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். காலியான பெட்டி, முன்னால் ஒரு மின்னல் ஸ்டிக்கர், பின்னால் காந்தம். கண்டுபிடித்தவர்கள் 'சூப்பர் ஐடியா' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அது ஆபத்தில்லாத பெட்டிதான், சரி. ஆனால் மின்னல் படம் போட்ட பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்ற பாடத்தை அது சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அடுத்த தேடலில் அந்த ஆள் திறப்பது நிஜப் பெட்டியாக இருக்கும்.

கம்பத்து டப்பாவின் சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். மரியாதையான மனிதர், உடனே பதில் போட்டார். "கதவில் ஸ்க்ரூவே இல்லை, திறந்துதான் கிடந்தது. பகலில் விளக்கு எரியாதபோது கரண்ட் இருக்காது என்று நினைத்தேன்."

இந்த நினைப்பு பலருக்கு இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்பதால் கம்பத்துக்குள் கரண்ட் இல்லை என்று ஆகாது. ஒவ்வொரு விளக்கின் தலையிலும் வெளிச்சத்தை உணரும் சென்சார் இருந்தால், அடியில் உள்ள டெர்மினல் இருபத்து நான்கு மணி நேரமும் உயிரோடுதான் இருக்கும். ஃப்யூஸ் காப்பாற்றும் என்பதும் தப்பு. அது கேபிள் எரியாமல் இருக்க வைத்தது, ஆள் சாகாமல் இருக்க அல்ல. 30 மில்லியாம்பியர் கரண்ட் கொஞ்ச நேரம் நெஞ்சு வழியாகப் போனாலே மூச்சோ இதயத் துடிப்போ நிலைகுலையலாம். 230 வோல்ட்டில் எரியும் 40 வாட் எல்இடி விளக்கே அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் இழுக்கும். ஃப்யூஸுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கம்பத்தில் முப்பது பேர் டப்பாவை இழுத்து இழுத்து ஒட்டியதில் ஒரு ஒயரின் இன்சுலேஷன் உரிந்து செம்பு மினுங்கியது. மழை நாளில் ஈரக்கையோடு யாராவது வந்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

என் துறைக்கு வெளியே நடந்தவையும் உண்டு. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், ஒருவர் டப்பாவை ஒளித்துவைப்பதைப் பார்த்தவர்கள் சந்தேகப்பட்டு போலீஸை அழைக்க, கடைத்தெருவையே மூடி, ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். ஒளிபுகும் டப்பா, மேலே பெரிதாக 'ஜியோகேச்' என்ற எழுத்து, இடத்துக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை, இவை இருந்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது. 2018இல் பிராகில் நடந்தது இதைவிடக் கொடுமை. கேச் (ஒளித்துவைத்த டப்பாவை அப்படித்தான் சொல்வோம்) தேடி மழைநீர்ச் சுரங்கத்தில் இறங்கிய நான்கு பேரைத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, இரண்டு பேர் இறந்தார்கள். நிலப்பரப்பின் கடினத்தை 1 முதல் 5 வரை குறிக்கிறோம், ஆனால் இன்று மழை வருமா என்பதை அந்த எண் சொல்லாது.

புதிய கேச்சை இணையத்தில் வெளியிடும் முன் சரிபார்க்கும் ரிவ்யூவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடவும் முடியாது. அவர்கள் தன்னார்வலர்கள். பக்கத்து கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்பதை வரைபடத்தில் பார்ப்பார்கள், நீங்கள் எழுதிய விவரத்தைப் படிப்பார்கள். கம்பத்தின் கதவு அவர்கள் கண்ணில் படாது. நான் ஒளிப்பதாக இருந்தால் முதலில் அந்த 10 மீட்டர் வட்டத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். மின்பெட்டியோ திறந்த சாக்கடையோ வண்டி போகும் பாதையோ அதற்குள் வந்தால் வேறு இடம்தான். ஆபத்தான இடத்தில் யாரோ வைத்ததைக் கண்டால் எடுக்காமல் போவேன். சொந்தக்காரருக்கு எழுதுவேன், அவர் அசையவில்லை என்றால் ரிவ்யூவருக்கு. இதைக் கோள் சொல்வது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த மனிதர் அன்று மாலையே தன் கேச்சின் இணையப் பக்கத்தை மூடிவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் புதிதாக ஒன்று வைத்தார். குறிப்பின் முதல் வரியே 'விளக்குக் கம்பத்தில் இல்லை'. ஒரு பூங்கா பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது, எனக்குக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது.