வேகம் ஏன் 95-லேயே நிற்கிறது?

300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) இணைய இணைப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. வைஃபையை நம்பாமல் கேபிளையே செருகிச் சோதித்தாலும் வேகம் 95-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. காலையில் பார்த்தாலும் அதேதான், நள்ளிரவில் பார்த்தாலும் அதேதான். இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் கணினியை நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் நெட்வொர்க் அடாப்டரைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நெரிசலால் வரும் குறைவு ஏறி இறங்கும். வன்பொருள் போடும் வரம்பு இப்படி அசையாமல் நிற்கும்.

சரி, அது ஏன் குறிப்பாக 95? 1995-இல் வந்த ஃபாஸ்ட் ஈதர்நெட் என்ற கேபிள் இணைப்பு முறையின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். ஆனால் தரவு கம்பியில் தனியாகப் போவதில்லை. 1460 பைட் தரவு போய்ச் சேர, முகவரிகள், பிழை சரிபார்ப்பு, அடுத்த ஃப்ரேமுக்கு (தரவுப் பொட்டலத்துக்கு) முன் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 1538 பைட்டுக்கான நேரம் பிடிக்கிறது. வகுத்துப் பாருங்கள், சுமார் 95 சதவீதம் வரும். கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட் 940-ஐ ஒட்டி நிற்பதும் இதே கணக்கால்தான்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஃபாஸ்ட் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: ஒன்றில் அனுப்பும், மற்றதில் வாங்கும். 1999-இல் வந்த கிகாபிட் முறை நான்கையும் பயன்படுத்துகிறது, அதுவும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரு திசையிலும். போகும் சிக்னலும் வரும் சிக்னலும் ஒரே கம்பியில் கலந்துகிடந்தால் எப்படிப் பிரிப்பது? தான் என்ன அனுப்பினோம் என்பது அடாப்டர் சிப்புக்குத் தெரியும். அதன் எதிரொலியைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு, மிச்சத்தை எதிர்முனை சொன்னதாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடி முறை இந்த வேலை நடக்கிறது. இத்தனை சின்ன சிப்பிடம் இவ்வளவு வேலை வாங்குகிறோம் என்பதை நினைத்தால் வியப்புதான்.

கேபிளைச் செருகியதும் இரு முனைகளும் சிறு துடிப்புகளை அனுப்பி, தங்களால் எது முடியும் என்று அறிவிக்கும். இருவருக்கும் பொதுவான அதிகபட்ச வேகம் தேர்வாகும். ஆக, ஒரு பக்கம் கிகாபிட்டாக இருந்தும் மறுபக்கம் பழையதாக இருந்தால் 100தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த அறிவிப்பு இரண்டு ஜோடிகளில் மட்டுமே போகும். மற்ற இரண்டில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இரு முனைகளும் கிகாபிட்டுக்கு ஒத்துக்கொள்ளும். அப்புறம் இணைப்பு கிடைக்காமல் தவிக்கும். பல சிப்கள் சில முயற்சிகளுக்குப் பின் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அடாப்டர் நல்லதாக இருந்தும் கேபிளால் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

கணினிக்கு வெளியே யூஎஸ்பி போர்ட்டில் செருகும் அடாப்டரில் சிக்கல் வேறு. பெட்டியில் கிகாபிட் என்று போட்டிருந்தாலும், செருகுவது யூஎஸ்பி 2.0 போர்ட்டில் என்றால் அந்தப் பாதையின் உச்சமே 480 மெகாபிட். நடைமுறையில் 300 சொச்சம்தான் கிடைக்கும். ராஸ்ப்பெர்ரி பை 3 பி பிளஸ் என்ற சிறு கணினியில் கிகாபிட் போர்ட் இருந்தும், அது உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாகவே இணைந்திருப்பதால், வேகம் 300-ஐ ஒட்டியே நிற்கிறது.

விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் விவரங்களில் இணைப்பு வேகம் தெரியும். அங்கே 100 என்று இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு ரௌட்டரில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், அடாப்டரை வாங்குவது கடைசியில். 1000 என்று இருந்தும் வேகம் இல்லையென்றால், இப்போது தாராளமாக நிறுவனத்தைக் கூப்பிடலாம்.